எட்டாவது பெயருக்கு இடம்

அச்சிட்டவர் பெயரும் ஊரும் இல்லாத பத்திரிகை இதழ் ஆபீசுக்கு வந்தால், வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றைக் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றொன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் பத்திரிகைகளைப் பதிவு செய்யும் ஆபீசில் நான் இருந்த காலத்தில் இந்த விதி சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

இப்போது நான் இருப்பது கொழும்பில், மகன் வீட்டில். பென்ஷனுக்காக நான் அனுப்பிய உயிர்ச் சான்று சென்ற வருஷம் திரும்பி வந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதாக எழுதிய மாஜிஸ்திரேட்டின் முத்திரை மங்கலாக விழுந்திருந்ததாம். ஆகவே நான் உயிரோடு இருப்பதும் மங்கலாகிவிட்டது. நேரில் வந்து முகம் காட்டும்படி உத்தரவு. ஆனி மாதம் சென்னைக்குப் போனேன்.

கொழும்பில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் என்னைச் சும்மா போக விடவில்லை. "போறதுதான் போறீர், அந்தப் பக்கத்துப் பழைய பத்திரிகை ஏதாவது ஒண்டின்ர சரித்திரத்தை எழுதிக்கொண்டு வாரும்" என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது 'வடதுறை வர்த்தமானி'.

திருவொற்றியூரிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்த நாலு பக்கப் பத்திரிகை அது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அதன் உலகம். எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷம் தொடங்கிப் பதினான்கு வருஷம் நடந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாரம் தவறாமல் அதைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படிப்பதற்காக எனக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. ஆபீசில் அதற்குக் 'கருவாட்டுப் பேப்பர்' என்று பெயர். சட்டப்படி எங்களிடம் சேர்க்க வேண்டிய இரண்டு பிரதிகளைத் தபாலில் போடாமல், பட்டணத்துக்கு மீன் கொண்டுவரும் பெண்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்புவது அந்தப் பத்திரிகைக்காரரின் வழக்கம். வாழைச் சருகில் சுற்றிக் கூடைக்கு மேலே வைத்து வரும். சன்னல் வழியாக வாங்கி, காற்றில் உலர்த்திய பிறகுதான் பதிவேட்டில் ஏற்றுவோம்.

முதல் நாள், பென்ஷன் ஆபீசில் முகம் காட்டினேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் படமோ அங்க அடையாளமோ எதுவும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். உயிரோடு இருப்பதாக முடிவு செய்தார். அந்த மகிழ்ச்சியில் பக்கத்து ஓட்டலில் இட்லி தின்றேன். கொழும்பில் சைவக்காரன் எதைத் தின்றாலும் அதற்குள் மாசிக் கருவாடு இருக்குமோ என்று கிளறிப் பார்த்துத் தின்ன வேண்டும். இங்கே அந்தப் பயம் இல்லை. சட்னியில் தேங்காயும் இல்லை.

அப்படியே என் பழைய ஆபீசுக்குப் போனேன். வர்த்தமானியின் பதினான்கு வருஷக் கோப்பும் அலமாரியில் இருந்தது, பூச்சிகளும் இருந்தன. இதழ் எண்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஓர் ஐப்பசி மாதத்தில் ஓர் எண் இல்லை. முன் இதழ் இருக்கிறது, பின் இதழ் இருக்கிறது, நடுவில் ஒன்று காணவில்லை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரைக் கேட்டேன்.

"இங்க இல்லேன்னா அந்த இதழ் வெளியாகலைன்னு அர்த்தம் சார்" என்றார்.

நானும் அப்படியேதான் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் திருவொற்றியூருக்குப் பஸ். தண்டையார்பேட்டை தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. டிரைவர் மூடியைத் திறந்து தண்ணீர் கேட்டார். யாரிடமும் தண்ணீர் இல்லை. "இன்னா தண்ணியா இருந்தா இன்னா, ஊத்து!" என்று கண்டக்டர் கத்த, ஒரு பெண் தன் மீன் கூடையின் அடியில் மீன் தண்ணீர் வடிய வைத்திருந்த தகரத்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஊற்றினார்கள். வண்டி ஓடியது, குழம்பு கொதிக்கும் வாசனையோடு ஓடியது. எனக்குப் பின்னால் இருந்த இரண்டு கூலிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "ஏன்டா, இந்த வண்டியில் ஏறியதற்கு நடந்தே போயிருந்தால்?" "நடந்து போயிருந்தால் சாப்பிட்டுக்கூட முடித்திருப்போம். இப்போது வாசனையோடு சரி."

வர்த்தமானியை எழுதி, அச்சிட்டு, வெளியிட்டவர் ஏகாம்பரம் என்ற ஒரே ஆள். இப்போது தீக்குச்சித் தொழிற்சாலையின் வாசலில் வேலையாட்கள் வரும் நேரம் போகும் நேரம் குறிக்கிறார். அறுபது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வாசகர்!" என்று பக்கத்திலிருந்த காவல்காரரிடம் என்னைக் காட்டினார்.

இடைவேளையில் இருவரும் ஒரு டீக்கடைக்குப் போனோம். சரித்திரம் எழுதப்போகிறேன் என்றதும் முதல் இதழிலிருந்து தொடங்கினார். எம்டன் குண்டு போட்டு ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம் வந்த இதழ் அது. 'ஜனங்கள் வீணாய்ப் பயந்து ஊரை விட்டு ஓட வேண்டாம்' என்பது தலையங்கம்.

"தைரியமாக எழுதினீர்கள்" என்றேன்.

"தைரியந்தான் சார். பொன்னேரில மாமனார் வூட்ல குந்திகினு எழுதி அனுப்பிச்சேன்."

அவருடைய வழக்கம் ஒன்றும் அப்போது தெரிந்தது. வர்த்தமானி யாரைப் பற்றி எழுதினாலும், அச்சாவதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிவிடுவாராம். திட்டி எழுதினாலும் அப்படித்தான். "மொகத்துக்கு நேரா சொல்ல முடியாததை முதுகுக்குப் பின்னால அச்சடிக்கலாமா? ரெண்டு பேரு அடிச்சிகீறானுங்க. ஒருத்தன், இன்னும் கொஞ்சம் காரமா எழுதுன்னான்." இப்படி நடத்திய பத்திரிகை பதினான்கு வருஷம் நிலைத்தது எப்படி என்றுதான் கேட்டிருக்க வேண்டும்; நின்றுபோனது ஏன் என்று கேட்டேன். "கையி நடுங்க ஆரம்பிச்சிட்ச்சி சார். எழுத்துக் கோக்க முடியல. வேற ஆள வெச்சிக்க வழியில்ல."

"அச்செழுத்தெல்லாம் எங்கே?"

"கடல்ல."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வலைக்கு ஈயம் வோணும்னு காத்திவாக்கத்தாளுங்க கேட்டாங்க. பெட்டி பெட்டியா அப்பிடியே தூக்கிக் குட்த்துட்டேன். உருக்கிக் குண்டு பண்ணிக் கட்டிகினாங்க. நம்ம தலையங்கமெல்லாம் இப்ப எறா புடிக்குது. அப்பவாச்சும் எதையும் புடிக்கல."

காணாமல் போன இதழைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு நின்றது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மெய்யாவே ஞாபகம் இல்லயா சார் உங்களுக்கு?"

அவர் சொன்னது இது. அந்த ஐப்பசியில் அடித்த புயலில், விடியலில் கட்டுமரம் தள்ளிப் போனவர்களில் ஏழு பேர் திரும்பவில்லை. உடல் ஒன்றுகூடக் கரை சேரவில்லை. ஏகாம்பரம் குப்பம் குப்பமாக நடந்து, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஏழு பெயரையும் கடைசிப் பக்கத்தில் கோத்து முடித்துவிட்டார். இரும்புச் சட்டகத்தில் வைத்து இறுக்கியும் ஆயிற்று. மை தடவும் நேரத்தில், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ராயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். தன் புருஷனும் போனான், பெயர் அந்தோணி, அவனையும் போட வேண்டும் என்றாள். விசாரித்தார், உண்மைதான். ஆனால் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் இல்லை.

"விளம்பரத்தை எடுத்திருக்கலாமே?"

"அது மரக்கட்டையில செதுக்கின அச்சு. அரை வரி வெட்ட முடியாது."

"ரயில் நேரப் பட்டியல்?"

"அத்த எடுத்தா வூடு தேடி வந்து அடிப்பானுங்க. மிச்சம் இருந்தது அடியில நம்ம பேரு, ஊரு போட்ட வரி ஒண்ணுதான். செத்தவன் பேரா, நம்ம பேரா? நம்மளத்தான் ஊருக்கே தெரியுமே. எடுத்துட்டேன்."

"அது குற்றம், ஏகாம்பரம்."

"தெரியும் சார். அதான் நீங்க ரெண்டு பிரதியையும் திருப்பிட்டீங்களே. 'அச்சிட்டவர் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்புக'ன்னு துண்டுச் சீட்டு வெச்சி."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மழை சன்னல் வழியாக மேசைமேல் தெறித்துக்கொண்டிருந்த காலை. ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தால், மேலே போலீஸ் கோர்ட்டுக்கு எழுதியாக வேண்டும். இந்த மனிதருக்குத் தண்டனை. பிரதி இல்லாவிட்டால் குற்றமும் இல்லை. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் நான் அறிந்து விதியை மீறியது அந்த ஒரு தடவைதான், இரக்கப்பட்டு மீறினேன். அதைப் பற்றி மனத்துக்குள் கொஞ்சம் பெருமைகூட வைத்திருந்து, பிறகு பெருமையையும் மறந்துவிட்டேன்.

"நீங்கள் ஏன் மறுபடி அச்சிட்டு அனுப்பவில்லை?"

"எதை வெச்சி? எங்கிட்ட இருந்த எழுத்து நாலு பக்கத்துக்குத்தான் காணும். அடிச்ச அன்னிக்கே கலைச்சாத்தான் அடுத்த வாரம் கோக்க முடியும். உங்க சீட்டு வர்றதுக்குள்ள அந்த எட்டுப் பேரும் கலைஞ்சி பெட்டிக்குப் போய்ட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "சார், நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நாளைக்கு என்கூட ராயபுரம் வாங்க. அந்தப் பொண்ணு இப்ப ஒரு பேஜார்ல மாட்டிகினு கீது."

மூன்றாம் நாள் ராயபுரம் மீன் சந்தை. கொழும்பில் மீன் சந்தைக்கு நான் போனதில்லை. மருமகள் போவாள், நான் வாசலில் குடையோடு நிற்பேன். இங்கே குடையை மடக்கிக்கொண்டு உள்ளேயே போக வேண்டியதாயிற்று. வவ்வால் மீனை வரிசையாக அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கண்டதும், "இன்னா நைனா, தலையெல்லாம் வெளுத்துப் பூட்ச்சி?" என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள்தான் ரோசம்மா.

"என்னைத் தெரியுமா உனக்கு?"

"தெரியாம இன்னா? சன்னலாண்ட குந்திகினு, மூக்கைப் புடிச்சிகினு பேப்பர் வாங்குவியே. மொகத்தை ஒரு நாளாச்சும் நிமிந்து பாத்துகிறியா நீ? கையை மட்டும் நீட்டுவே. அந்த மழையில ரெண்டையும் என் கையிலயே திருப்பிக் குட்த்தியே, அன்னிக்கு வந்ததும் நான்தான்."

மடக்கிய குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னிக்கு உன்ன எவ்ளோ வாழ்த்தினேன் தெரியுமா? நம்ம ஆளு பேரு போட்டுகிதுன்னு தெரிஞ்சி, சர்க்காரே நமக்குன்னு குட்த்துட்ச்சின்னு நெனச்சிகினேன். ஒண்ணை இந்த ஏகாம்பரம் அண்ணங்கிட்ட குட்த்தேன். ஒண்ணை நான் வெச்சிகினேன்."

முழு இதழையா என்று ஆவலோடு கேட்டேன்.

"முழுசு எதுக்கு? நான் இன்னா படிக்கவா போறேன்? பேரு இருந்த எடத்தை மட்டும் கத்திரிச்சி ஜெபப் புஸ்தகத்துல வெச்சிகினேன். மிச்சத்துல மீன் மடிச்சி வித்துட்டேன்."

ஏகாம்பரத்திடம் போன பிரதி, துண்டுச் சீட்டோடு சேர்ந்து, அதே மழையில் அச்சகத்துக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டதாம்.

அவளுடைய பேஜார் இதுதான். ராயபுரம் எஞ்சின் கொட்டகையில் கரி தள்ளும் சூசை என்பவர் அவளைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார், அவளுக்கும் விருப்பம். சூசையைத் தெலுங்குப் பக்கம் பெஜவாடாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆவணி பிறப்பதற்குள் போயாக வேண்டும். போவதற்குள் கோயிலில் மோதிரம் மாற்றினால் அவளும் கூடப் போகலாம். ஆனால் அந்தோணி செத்ததற்குச் சாட்சி இல்லை. உடல் கிடைக்காததால் சாவுப் பதிவேட்டில் ஏறவில்லை. பெயரை உறுதி செய்த ஊர்ப் பெரியவர் இறந்துவிட்டார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பூசை வைத்த பழைய சாமியாரும் இறந்துவிட்டார். நடுவில் எவனோ ஒருவன், ரங்கூன் துறையில் அந்தோணி மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததாகச் சொல்லித் தொலைத்திருக்கிறான்.

"அவனாட்டம் கீறானாம்!" என்றாள் ரோசம்மா, மீனை ஓங்கி வெட்டிக்கொண்டே. "இந்தக் குப்பத்துல பாதிப் பேரு அவனாட்டந்தான் கீறானுங்க. எல்லாரையும் நான் கட்டிகினேனா இன்னா?"

பக்கத்தில் நின்ற சூசை கூச்சக்காரர். "நான் எஞ்சின்ல கீறவன் சார். ஒம்போது மணி வண்டின்னா ஒம்போதுக்குக் கெளம்பணும். இது எப்பக் கெளம்பும்னு கேட்டா ஒருத்தரும் கொடி காட்ட மாட்டேன்றாங்க" என்றார்.

நாலு பேருமாகக் கோயிலின் இப்போதைய சாமியாரைப் பார்த்தோம். நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். ரோசம்மா ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கை அகலம். எட்டுப் பெயர், கடைசியில் அந்தோணி. அந்த வரிக்குக் கீழே வெள்ளைக் காகிதம் அரை விரல்கூட இல்லை.

"எந்தப் பத்திரிகை இது? எந்தத் தேதி? யார் அச்சிட்டது? எதுவுமே இல்லையே அம்மா" என்றார் சாமியார்.

"அச்சிட்டவர் இதோ இருக்கிறார்" என்றேன். "அதைப் படித்தவன் நான்."

"இன்னிக்கு ரெண்டு பேரும் இருக்கீங்க, சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா மேலிடத்துக்கு அன்னிக்கே சொன்ன சொல் வேணும். நாளைக்கு அந்தோணி ரங்கூன்லேர்ந்து வந்து இந்த வாசல்ல நின்னா, இவளுக்கு ரெண்டு புருஷன். முழு இதழைக் கொண்டுவாங்க. இல்லேன்னா, இது இன்ன பத்திரிகையில இன்ன தேதியில வந்த பகுதின்னு சர்க்கார் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறேன்."

அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் கேட்டிருப்பேன். அவர்மேல் கோபப்பட இடமில்லாமல் போனதுதான் எரிச்சல்.

நாலாம் நாள், முழு இதழைத் தேடி ஏகாம்பரமும் நானும் காத்திவாக்கம் போனோம். எர்ணாவூர் தாண்டியதும் ஜட்கா மணலில் புதைந்தது. குதிரை நின்றது. வண்டிக்காரர் அதைத் திட்டவில்லை, எங்களைத்தான் திட்டினார். "கனமா ஆளுங்க வந்து ஏறிகினா அது இன்னா பண்ணும்?" இறங்கி நடந்தோம். கொழும்பில் கடற்கரை என்றால் மாலையில் காற்று வாங்கும் இடம். இங்கே வெயிலில் அதன்மேல் நடக்கும்போது செருப்புக்குள் இருப்பது காலா அப்பளமா என்று சந்தேகம் வருகிறது. பிறகு கழிமுகத்தைத் தோணியில் சுற்றிக்கொண்டு போனோம். கரையில் ஒரு வீட்டில் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் நான் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

வேலாயுதம் என்பவர் வலையைப் பரப்பிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர். வலையின் ஓரத்தில் வரிசையாக ஈயக் குண்டுகள். ஏகாம்பரம் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்; ஒன்றை என்னிடம் நீட்டினார். அதன் ஒரு பக்கத்தில் சரியாக உருகாத ஓர் அச்செழுத்து இன்னும் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் புயல் வாரத்துப் பேப்பர் இந்தக் குப்பத்துல யார் வூட்லயாவது இருக்குதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"ஏன் இல்லாம? செத்தவன் இருந்த வூட்டுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு வாங்கினோமே. நீதானே கொண்டாந்து குட்த்தே."

"எங்கே அது? பார்க்கலாமா?"

வேலாயுதம் என்னைப் பார்த்தார். கேள்வி புரியாதவர் மாதிரி பார்த்தார். "கொளுத்தியாச்சே சாமி."

"எதற்கு?"

"ஒடம்பு கெடைக்கல. பேரு கெடச்சிது. ஒடம்பு இல்லாம எத்த வெச்சி காரியம் பண்றது? அந்தப் பேப்பர விரிச்சி, பாடையில வெச்சி, மாலை போட்டு, தூக்கிகினு போனோம். என் தம்பிக்கு நான்தான் கொள்ளி வெச்சேன். கடுதாசிதானேன்னு நெனச்சேன் சாமி. வெக்கறப்ப பாக்க முடியாம மொகத்தைத் திருப்பிகினேன்."

"எல்லா வீட்டிலுமா?"

"எல்லா வூட்லயுந்தான். ஒருத்தன் பண்ணினா மத்தவன் சும்மா இருப்பானா?"

அதற்கு மேல் வேறு வீட்டில் போய்க் கேட்பது முறையாக எனக்குப் படவில்லை. அந்த இதழில் விற்றதும் விற்காததும் என்ன ஆயின என்று ஏகாம்பரம் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தார். மழையில் நனைந்தது, மீன் மடித்தது, கொளுத்தியது. நான் எண்ணவில்லை. பத்திரமாக இருந்திருக்க வேண்டிய ஒரே பிரதி எது என்பது எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் சத்திரத்தில் உட்கார்ந்து மனு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றுள் அதுதான் குறையில்லாத மனு. இன்ன இதழ் இன்ன வாரம் ஆபீசுக்கு வந்தது. ஒரு பிரதியைக் கோப்பில் வைக்க வேண்டிய விதியை அறிந்தே மீறி, இரண்டையும் திருப்பிக் கொடுத்தவன் நான். ஆகவே கோப்பில் இல்லாதது என் குற்றம், பத்திரிகையின் குற்றம் அல்ல. இத்துடன் இருக்கும் துண்டு அந்த இதழின் கடைசிப் பக்கம் என்று சான்று தரக் கோருகிறேன். ஏகாம்பரத்தின் உறுதிமொழியையும் சேர்த்தேன். கல்யாணத்துக்கு வேண்டியிருக்கிறது, அவசரம், என்றும் எழுதினேன். 'அவசரம்' என்ற சொல்லை ஆபீஸ்கள் எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதினேன்.

மூலத்தை இணைக்காத மனு எடுத்துக்கொள்ளப்படாது. ரோசம்மாவிடம் துண்டைக் கேட்டேன்.

"இதுவும் பூட்ச்சின்னா என்கிட்ட இன்னா கீது நைனா?"

"ரசீது தருவார்கள்."

"ரசீதுல அவன் பேரு இருக்குமா?"

"இருக்காது. ஒரு நம்பர் இருக்கும்."

அவள் சூசையைப் பார்த்தாள். சூசை தரையைப் பார்த்தார். "திரும்பி வந்துடும் இல்ல?" என்றாள். வந்துவிடும் என்றேன். எந்த விதியை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு கோழி இறகை அடையாளமாக வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதே சன்னலில் மனுவைக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டினார். ரசீதில் நம்பர் தெளிவாக இருந்தது.

கொழும்புக்குத் திரும்பினேன். ஆவணி பிறந்தது, சூசை தனியாகப் பெஜவாடா போனார். மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நினைவூட்டுக் கடிதங்களை எந்தத் தட்டில் போடுவார்கள் என்பதும், அந்தத் தட்டு அலமாரிக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத் தூக்கம் வராது.

மாசி மாதம் ஏகாம்பரத்திடமிருந்து ஒரு கார்டு. நடுங்கும் கையெழுத்து. சூசை ஐந்து மாதம் பார்த்தாராம்; பிறகு அங்கேயே ஒரு குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். தவக்காலம் வந்தால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்று, அதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். ரோசம்மா சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாளாம். அவள் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் ஓரிரண்டு வரி எழுதியிருந்தார்: "நைனா, கல்யாணத்துக்குன்னு இனிமே ஒண்ணும் கேக்க வாணாம். என் காயிதத்தை மட்டும் வாங்கி அனுப்பிடு. கோழி எறகை வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அதன் பிறகுதான் பதில் வந்தது. இரண்டு பத்தி. முதலாவது: ஒவ்வோர் இதழிலும் ஒரு பிரதி கோப்பில் இருக்க வேண்டியது விதி, மனுதாரர் குறிப்பிடும் இதழின் பிரதி கோப்பில் இல்லை, ஆகவே அப்படி ஓர் இதழ் வெளியாகவில்லை என்று தெரிகிறது, சான்று தருவதற்கு இல்லை. இரண்டாவது: மனுவுடன் இணைத்திருந்த துண்டுத் தாளில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் காணப்படாதபடியால், விதிப்படி அது ஆபீஸ் கோப்பில் வைத்துக்கொள்ளப்பட்டது.

ஓரத்தில் விதியின் எண்ணையும் குறித்திருந்தார்கள். நான் சுவரில் ஒட்டிய அதே விதி.

வரும் கடிதத்தின் மேல் மூலையில், வந்த தேதியை எழுதிச் சுருக்கொப்பம் இடுவது முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை தானாகவே எழுதியது: 11 மார்ச் 1935.